நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி: முதல் 12 வாரங்கள்

இந்தப் பதிவு யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலி மூன்று மாதத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று. 'டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு', 'எலும்பு தேய்மானம்' என்று ஏதோ சொன்னார்கள். மாத்திரை போட்டால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. கடைசியில் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாள் இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதோ! அப்படிப்பட்டவருக்குத்தான் இது. நேற்று குடம் தூக்கும்போது பிடித்துக்கொண்ட புது வலிக்கு இல்லை. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும்.

எந்தப் பயிற்சி நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், எவ்வளவில் ஆரம்பிக்கிறோம், எப்படிக் கூட்டுகிறோம் என்பது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் 249 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட, 100 புள்ளி அளவுகோலில் வலி சுமார் 15 புள்ளி குறைவாக இருந்தது. இது மாயம் இல்லை, வலி அடியோடு போய்விடும் என்ற வாக்குறுதியும் இல்லை. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு இது பெரிய வித்தியாசம்தான். பிலாட்டிஸ் (வயிறு, முதுகுத் தசைகளைக் கட்டுப்பாட்டோடு பலப்படுத்தும் பயிற்சி), மெக்கன்சி முறை (படி 3இல் வருகிறது) போன்றவை சற்று முன்னே நிற்பதாகச் சில ஒப்பீடுகள் சொல்கின்றன. இருந்தாலும் ஏதோ ஒன்றைச் செய்வதற்கும் ஒன்றுமே செய்யாததற்கும் இடையில் உள்ள தூரம்தான் அதிகம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து அசையாமல் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஒரு வலியும் இல்லாமல்! ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள 'எல்4-எல்5' (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட இடம்) என்ற வரியை மட்டும் வைத்து உங்கள் முதுகு உடைந்துபோனது என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 1: யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயிற்சியெல்லாம் அப்புறம்.

சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் தணியாத வலி இருந்தால் இரண்டு நாளில் டாக்டரைப் பாருங்கள். முதுகெலும்புக் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, அது இப்படித்தான் மெதுவாக வரும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கீழே விழுந்த பிறகு வலி ஆரம்பித்த வயதானவர்கள் ஆகியோரும் அப்படியே. 40 வயதுக்குள் ஆரம்பித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொண்டு, நடமாடினால் தேவலாம் என்று ஆகும் வலி அழற்சி வாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு.

மிச்சமுள்ள பெரும்பாலானவர்களின் வலிக்கு இதுதான் காரணம் என்று ஒரே ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. அவர்கள் தைரியமாக அடுத்த படிக்கு வரலாம்.

படி 2: உங்கள் ஆரம்ப அளவைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். பழக்கம் எப்படி என்றால், வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை பரண் முழுக்க ஒழித்துப்போடுவது, திங்கள் முதல் புதன்வரை படுத்துக்கிடப்பது, வியாழன் கொஞ்சம் தேவலாம் என்றதும் விட்டதைப் பிடிக்க மறுபடி ஓடுவது. இப்படியே ஆறு மாதம் போனால் உடம்பு தாங்கும் அளவு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். வலியின் பேச்சைக் கேட்டு வேலை செய்தால் இதுதான் கதி.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், வழக்கமான நடையில், வலி கூடத் தொடங்கும் வரை நடந்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 12, 8, 10 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8. உங்கள் முதல் வாரம் தினம் 8 நிமிடம்தான். நல்ல நாளிலும் 8, சுமாரான நாளிலும் 8. "இவ்வளவுதானா?" என்று தோன்ற வேண்டும், தோன்றினால் அளவு சரி. கீழே வரும் தரைப் பயிற்சிகளுக்கும் இதே கணக்குதான். பத்துத் தடவை முடியும் என்றால் எட்டில் நிறுத்துங்கள்.

படி 3: எந்த வலி பரவாயில்லை, எது ஆகாது

பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடுங்கள். செய்யும்போது 4 வரை போனால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பயிற்சியை விட்டுவிட வேண்டாம், அளவைப் பாதியாக்குங்கள். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியைச் சீக்கிரமே அடிக்கப் பழகியிருக்கும். வலித்தாலே ஏதோ கிழிந்துபோகிறது என்று அர்த்தம் இல்லை.

காலுக்கு இறங்கும் வலி உள்ளவர்களுக்கு இன்னொரு விதி உண்டு. ஒரு பயிற்சியால் வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்கும் பாதத்துக்கும் கீழே கீழே ஓடினால் அதை நிறுத்துங்கள். காலில் இருந்தது மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும், நல்ல அறிகுறி. இதைக் கவனித்தவர் நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி. 1956இல் ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்திவைக்கப்பட்டிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தவருக்குக் கால் வலி போய்விட்டது. பின்னால் வளைவதே கூடாது என்று நினைத்திருந்த காலம் அது. எல்லோருக்கும் பின்வளைவுதான் மருந்து என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம்; சிலருக்கு முன்பக்கம் மடங்கினால்தான் சுகம்.

படி 4: பாயை விரியுங்கள்

மெத்தை வேண்டாம், அமுங்கும். தரையில் பாய் அல்லது ஜமக்காளம். தூங்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனியும் எதுவும் வேண்டாம். காபி குடித்து, கொஞ்சம் நடமாடிவிட்டு வாருங்கள்.

முதலில் பூனை முதுகு. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நான்கு காலில் நின்று, முதுகை மெதுவாக மேலே வளைத்து, மெதுவாகக் கீழே இறக்கி, ஆறேழு தடவை. கடைசி எல்லை வரை இழுக்க வேண்டாம். விறைப்பை எடுக்கத்தான் இது.

அடுத்து பாலம். யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு சேதுபந்தாசனம் என்றால் தெரியும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குதிகால் பிட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. முதலில் பிட்டத்தை இறுக்குங்கள், பிறகு இடுப்பைத் தூக்குங்கள். தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டால் குதிகாலை இன்னும் உள்ளே இழுங்கள். ஐந்து நொடி, எட்டுத் தடவை.

மூன்றாவதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். மறுபடி நான்கு காலில். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். பார்க்க எளிது. நூற்றில் தொண்ணூறு பேர் காலை உயரத் தூக்கி இடுப்பைத் திருப்பிவிடுவார்கள், அப்போது வேலை செய்வது முதுகின் மூட்டுகள்தான், தசை இல்லை. சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க, யாரையாவது கூப்பிட்டு, ஒரு தம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி இடுப்புக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் கையை மட்டும் நீட்டுங்கள். பிறகு காலை மட்டும், கட்டைவிரல் தரையைத் தேய்த்தபடியே பின்னால் கொண்டுபோங்கள். தம்ளர் ஆடாமல் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாம். கால் இடுப்பு உயரத்தைத் தாண்ட வேண்டாம். முகம் தரையைப் பார்த்திருக்க, மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். எட்டு நொடி பிடித்து மாற்றுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் இது ஒன்று. ஒவ்வொரு பிடியும் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், ஆறு தடவை, பிறகு நான்கு, பிறகு இரண்டு என்று இறங்குமுகமாகச் செய்யுங்கள் என்பது அவர் பாணி. களைக்காமல் பலம் கூட்ட நல்ல வழி.

நான்காவது பக்கப் பலகை. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையும் மடக்கிய முழங்காலும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். தோள்பட்டை வலி இருந்தால் சுவரில் சாய்ந்து செய்யலாம்.

கடைசியாகக் குனியக் கற்றுக்கொள்வது. மாப் குச்சியைப் பின்னால் செங்குத்தாகப் பிடியுங்கள். அது பின்தலை, தோள்பட்டைகளின் நடுப்பகுதி, வால் எலும்பு என்று மூன்று இடத்திலும் படட்டும். இப்போது காரின் கதவைப் பிட்டத்தால் இடித்துச் சாத்துவது மாதிரி இடுப்பைப் பின்னால் தள்ளி முன்னால் சாயுங்கள். குச்சி எந்த இடத்தில் விலகுகிறதோ அங்கே முதுகு வளைகிறது. மூன்றும் விலகாமல் பத்துத் தடவை வந்த பிறகு கையில் இரண்டு லிட்டர் பாட்டில், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்பது 20 கிலோ. அதைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதுகு வலி வந்தவர் இனி வாழ்நாள் முழுக்கக் குனியவே கூடாது என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. கோலம் போட, பிள்ளையைத் தூக்க, கேஸ் சிலிண்டரை நகர்த்த யார் வருவார்கள்? குனியும் பலத்தை வளர்த்துக்கொள்வதுதான் வழி.

படி 5: நடை

ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. எல்லோரும் இடுப்பு வலி வந்து சமீபத்தில் தேறியவர்கள். பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டிய குழுவுக்கு வலி திரும்ப வர ஆன இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு வலி திரும்பிய நாள் கணக்கு) 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள். செலவில்லாத வைத்தியத்துக்கு இது நல்ல பலன். இலக்கு வாரம் ஐந்து நாள், 30 நிமிடம். உங்கள் 8 நிமிடத்தில் தொடங்கி, மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம். தெருவில் நாய்த் தொல்லை என்றால் மொட்டை மாடி. எட்டு போட்டு நடந்தாலும் சரி, நேராக நடந்தாலும் சரி, முதுகுக்கு ஒன்றுதான்.

படி 6: கூட்டும் கணக்கு

முதல் இரண்டு வாரம் எதையும் கூட்ட வேண்டாம், தினமும் செய்கிறோமா என்பது மட்டும்தான் கேள்வி. மூன்றாம் வாரத்திலிருந்து தரைப் பயிற்சிகளில் வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கூட்டுங்கள். நொடியையோ எண்ணிக்கையையோ எடையையோ, ஒன்றை மட்டும். இரண்டைச் சேர்த்துக் கூட்டினால், வலி வரும்போது எது காரணம் என்று தெரியாது. ஏழாம் வாரத்துக்குப் பிறகு தரைப் பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், நடை மட்டும் தொடரட்டும்.

நடுவில் வலி திடீரென்று கூடும் நாட்கள் வரும், அநேகமாக எல்லோருக்கும் வரும். அன்று நடையைப் பாதியாக்கி, பூனை முதுகும் பாலமும் மட்டும் செய்யுங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். படுக்கையில் நாள் கணக்கில் கிடக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தணிந்ததும், விட்ட இடத்துக்கு நேராகத் தாவாமல், முந்தைய வாரத்து அளவிலிருந்து தொடருங்கள்.

படி 7: பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் எந்த எண்ணும் நகரவில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டும், நோட்டையும் எடுத்துக்கொண்டு. பல இடங்களில் படுக்கவைத்து கரண்ட் வைத்து, இடுப்பை இழுத்துவிட்டு, பெல்ட் போட்டு அனுப்பிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாக பெல்ட், டிராக்ஷன் (இடுப்பை இழுப்பது), டென்ஸ் என்கிற கரண்ட், அல்ட்ராசவுண்டு ஆகியவை வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சித் திட்டத்தைப் பரிந்துரைக்கிறது. ஆகவே சங்கடப்படாமல் கேளுங்கள்: "எனக்கு எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எப்போது கூட்டணும்? இதை எழுதிக் கொடுங்க."