ஓடை நீரில் கலந்த பூச்சிக்கொல்லிகளின் கூட்டு நச்சுத்தன்மையை மதிப்பிடும் முறை

குளோர்பைரிபாஸ் 50 சதவீதமும் சைபர்மெத்ரின் 5 சதவீதமும் கொண்ட கலப்பு மருந்தைப் பருத்திக்குத் தெளித்த மறுநாள் மழை பெய்தால், அவ்விரண்டுடன் முன்பே மண்ணில் தங்கியிருந்த களைக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் சேர்ந்தே ஓடையில் இறங்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்புக்குள் இருப்பதைக் கொண்டு அந்த நீர் தீங்கற்றது என்று எழுதிவிடக் கூடாது.

மாதிரி எடுக்கும் நேரம் மிக முக்கியம். மருந்தின் உச்ச அளவு சில மணி நேரத்தில் கடந்துவிடுவதால், ஓடை கலங்கி ஏறும்போதே நீரைப் பிடிக்க வேண்டும். சைபர்மெத்ரின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். வண்டலையும் தனியே எடுங்கள்.

அடுத்தது கணக்கு. நீரில் கண்ட ஒவ்வொரு மருந்தின் அளவையும், சோதனை உயிரிகளில் பாதியை முடக்கும் அதன் அளவால் வகுத்தால் வருவது நச்சு அலகு. மூன்று மருந்துகள் தலா 0.4 அலகு என்றால், தனியாக எதுவும் ஒன்றைத் தொடவில்லை, கூட்டினால் 1.2. வெவ்வேறு விதமாகச் செயல்படும் மருந்துகளுக்குத் தனிச்செயல் கணிப்பு என்ற வேறு முறை உண்டு என்றாலும், முதற்கட்டத்தில் அலகுகளைக் கூட்டிப் பார்ப்பதே எச்சரிக்கையான வழி என்பது என் கருத்து.

பிறகு உயிரிகளையே கேட்க வேண்டும். மருந்துகளின் விகிதம் மாறாமல் கலவையை ஐந்து செறிவுகளாக நீர்த்து, பிறந்து 24 மணி நேரம் ஆகாத டாப்னியா என்னும் நீர்த்தெள்ளுகளைச் செறிவுக்கு இருபது வீதம், ஐந்தைந்தாக நான்கு குவளைகளில் விடுங்கள். 24, 48 மணி நேரங்களில் குவளையை மெல்ல அசைத்து 15 விநாடி கவனியுங்கள்: உணர்கொம்பு துடித்தாலும் நீந்தாத உயிரி முடங்கியதாகவே கணக்கு. மருந்து கலக்காத குவளைகளில் 10 சதவீதத்துக்கு மேல் முடங்கினால் அந்தச் சோதனை செல்லாது.

அலகுகளைக் கூட்டிக் கலவைக்குக் கணித்த பாதி-முடக்க அளவைச் சோதனையில் கண்ட அளவால் வகுத்து, விடை 2-ஐத் தாண்டினால் மருந்துகள் ஒன்றின் நஞ்சை மற்றொன்று பெருக்குகின்றன என்று பொருள். குளோர்பைரிபாஸ் உள்ள நீரில் இதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். சைபர்மெத்ரினைச் சிதைக்கும் எஸ்டரேஸ் நொதிகளை அது முடக்கிவிடுகிறது. புரோபிகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் நஞ்சை முறிக்கும் வேறு நொதிகளைத் தடுக்கின்றன.

டாப்னியா பிழைத்தது என்பதற்காகக் களைக்கொல்லியை விட்டுவிடாதீர்கள். அதன் தீங்கைப் பச்சைப்பாசியின் 72 மணி நேர வளர்ச்சிச் சோதனையும், வண்டலில் தங்கிய சைபர்மெத்ரினின் தீங்கை அதில் வாழும் கைரோனோமஸ் என்னும் கடிக்காத கொசு போன்ற பூச்சியின் புழுக்களும்தான் காட்டும்.