மேரி ரோச்சிடம் திருடிய தொழில்

அறிவியலைச் சிரிக்கச் சிரிக்க எழுத ஆசையா? ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் விஷயமாகப் பார்த்து எடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் மேரி ரோச் பிணம், குடல், விண்வெளிக் கழிப்பறை என்றே பிழைப்பு நடத்துகிறவர். மருத்துவரோ விஞ்ஞானியோ அல்ல; கல்லூரியில் படித்தது உளவியல். சான் பிரான்சிஸ்கோ மிருகக்காட்சி சாலையில், யானைக்கு மரு நீக்கிய சேதியைப் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய பாணி அங்கேதான் பிறந்தது என்பது என் கட்சி. யானை மருவைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும், நகைச்சுவையைத் தனியாகத் தாளிக்க வேண்டியதில்லை.

அடுத்து, நேரில் போக வேண்டும். 2003இல் வந்த, பிணங்களைப் பற்றிய அவருடைய ‘ஸ்டிஃப்’ நூலின் தொடக்கத்தில், முகச்சுருக்கம் நீக்கும் அறுவை பழக வந்த மருத்துவர்களின் முன்னே 40 மனிதத் தலைகள் இருக்கின்றன, கோழி வாட்டும் அலுமினியத் தட்டுகளில். அந்தத் தட்டு எந்த நூலகத்திலும் கிடைக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கேலி இறந்தவர்மேல் விழுவதில்லை. பெரும்பாலும் தன்மேலேயே வாங்கிக்கொள்வார். விண்வெளி நூலுக்காகத் தன் சிறுநீரையே சுத்திகரித்துக் குடித்தவர்.

எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. வயிறு ஏன் இரைகிறது என்று எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்த வாக்கியம்: “குடல் தசைகள் சுருங்கி விரிவதால் வாயுவும் திரவமும் நகர்ந்து ஒலி எழுகிறது.” தவறில்லை, பாடப்புத்தக வாடைதான் தாங்கவில்லை. மீண்டும் படித்தபோது, சாப்பாடு செரித்து முடிந்ததும் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தசை அலை கிளம்பி மிச்சம் மீதியைக் கீழே தள்ளுகிறது என்று தெரிந்தது. உடனே மாற்றினேன்: “கடை மூடியதும் குடல் விளக்குமாற்றை எடுக்கிறது. கூட்டத்தில் உங்கள் மானத்தை வாங்குவது அந்தச் சத்தம்.” உவமை என்னுடையது, நிமிடக் கணக்கு உடலியலுடையது. நகைச்சுவைக்காக அந்த 90ஐ 10 ஆக்கினால் கதை கெட்டது.

ஓட்டத்தைத் தடுக்கும் சுவையான துணுக்குகளை ரோச் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார். என்னிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை, அம்மாவிடம் வாசித்துக் காட்டும்வரை. சிரித்துவிட்டுக் கேட்டார்: “அப்படியென்றால் ஏகாதசியன்று நாள் முழுக்கப் பெருக்கிக்கொண்டே இருக்குமாடா?”

இரண்டு நாள் தேடிப் படித்தேன். விட்டுவிட்டுப் பெருக்கும், தூக்கத்திலும்கூட. கேள்வியும் பதிலும் அப்படியே அடிக்குறிப்பில் ஏறின.