மட்டக்களப்பில் வீடு வாங்கும்போது ஈரச்சுவருக்கு எவ்வளவு ஒதுக்குவது

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், கல்லடியிலோ ஆரையம்பதியிலோ பழைய வீடொன்றை வாங்க முனைபவர்கள், காணியின் விலை, முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம் ஆகியவற்றையெல்லாம் கவனமாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, சுவருக்கு மட்டும் "பெயின்ட் அடித்தால் சரி" என்று ஒரு சிறு தொகையை எழுதிவைக்கிறார்கள். ஈரச்சுவரைப் பொறுத்தவரை பெயின்ட் என்பது கடைசிச் செலவு. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிந்து, அதை நிறுத்துவதற்கான செலவை முற்பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்கிட வேண்டும்.

வீட்டைப் பார்க்கச் சிறந்த காலம் மார்கழி, தை மாதங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் எந்தச் சுவரும் காய்ந்துதான் தோன்றும். வெயில் காலத்தில்தான் பார்க்க முடியும் என்றால், மாரி மழை வாடைக்காற்றோடு சேர்ந்து அடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் அதிக நேரத்தைச் செலவிடுங்கள். ஒரு சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் பூசப்பட்டிருந்தால், அதற்கான காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும். 2004 ஆழிப்பேரலையும் 2011 ஜனவரி வெள்ளமும் அந்த வளவுக்குள் எவ்வளவு உயரத்துக்கு ஏறின என்பதை அயலவரிடம் விசாரியுங்கள். உப்புநீர் ஊறிய சுவரில் தங்கிய உப்பு, காற்றில் உள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும்.

சுவருக்கு அருகில் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம்வரை மங்கிய கறையும், அதன் மேல் விளிம்பில் வெள்ளைத் தூளாகப் பூத்த உப்பும், விரல் பட்டாலே உதிரும் பூச்சும் இருந்தால், நிலத்து நீர் சுவர் வழியே மேலேறுகிறது என்று கொள்ளலாம். நீர் உலரும்போது அதிலுள்ள உப்பு பூச்சுக்குள் பளிங்காகிப் பெருத்து, பூச்சை உள்ளிருந்தே பிளக்கிறது. கறை யன்னலின் கீழ்மூலையிலோ கூரை விளிம்புக்குக் கீழோ இருந்தால், அது மழைநீர். வெடிப்பும் உடைந்த பீலியும்தான் காரணமாக இருக்கும். திருத்துவதற்கு இதுவே மலிவானது. சுவரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போகும்போது வெற்றொலி கேட்கும் இடங்களில் பூச்சு கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்துகொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. 40 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள வீட்டின் வெளிச்சுற்று 140 அடி. உப்புக்கறை 3 அடி உயரம்வரை இருந்தால், அதற்கு மேலும் ஓரடி சேர்த்து 4 அடிவரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். வாசல்களைக் கழிக்காமல் பார்த்தால் வெளிப்பக்கம் மட்டும் 560 சதுர அடி. ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில் அரை அங்குலத் தடிப்பில் பூச, சேதாரத்துடன் ஏறத்தாழ ஐந்து பை சீமெந்தும் கால் கியூப்புக்குச் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) சற்றுக் கூடுதலான மணலும் போதும். ஆகவே பொருளைவிடக் கூலியே பெரிது: கொத்துவது, கழிவை அகற்றுவது, பூசுவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேளுங்கள். குறைந்தது இரண்டு மேசன்மாரிடம் சதுர அடிக் கணக்கில் எழுத்தில் வாங்குங்கள். உள்பக்கமும் கெட்டிருந்தால் தொகை இரட்டிக்கும். 2022இல் சீமெந்து விலை ஏறிய வேகத்தை நினைவில் வைத்து, மொத்தத்தில் ஐந்திலொரு பங்கை மேலதிகமாக ஒதுக்குங்கள். பழைய சுவரைக் கொத்திய பிறகே தெரியவரும் கேடுகளுக்கும் அது உதவும்.

இந்தப் பூச்சு வேலைக்கு முன் செலவிட வேண்டியது வளவுக்குத்தான். வீதி உயர உயர வளவுக்கும் மணல் கொட்டி நிரப்பியதால், நிலத்து நீர் சுவரில் ஏறாமல் தடுக்க அத்திவாரத்துக்கு மேல் இட்டிருந்த ஈரத்தடுப்புப் படை மண்ணுக்குள் புதைந்த வீடுகள் இங்கு பல உள்ளன. அந்த மண்ணைச் சுவரோரத்தில் வெட்டித் தாழ்த்தி, வெளிநிலம் உட்தரையைவிட அரை அடியாவது கீழே இருக்குமாறு செய்து, நீர் ஓடிப்போக வாய்க்கால் அமைப்பது நாட்கூலி வேலை. பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இதனாலேயே குறையும். ஈரத்தடுப்புப் படையே இல்லாத வீட்டில், சுவரைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்துப் படை செருகுவதோ, சுவரில் துளையிட்டு நீர்த்தடுப்பு மருந்து செலுத்துவதோ செலவு மிக்கது என்பதால், விலை பேசும்போது அதைத் தனியாகச் சொல்லியே குறைக்கக் கேளுங்கள். உட்சுவரில் நாலடி உயரத்துக்குத் தரை ஓடு (டைல்) ஒட்டி ஈரத்தை மறைக்கும் யோசனையை ஏற்காதீர்கள். உலர வழியில்லாத ஈரம் ஓட்டுக்கு மேலே ஏறிவிடும்.

யன்னல் மேல்தட்டிலும் தூண்களிலும் உள்ளிருக்கும் கம்பியின் போக்கிலேயே வெடிப்பும் துருக்கறையும் தென்பட்டால், அது பூச்சு வேலையில் அடங்காது. கழுவாத கடல்மணலோ உவர்நீரோ கொங்கிறீட்டில் கலந்திருக்கக்கூடும். பொறியியலாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் காட்டாமல் அத்தகைய வீட்டுக்கு விலை பேச வேண்டாம்.

வேலையைத் தைப்பொங்கலுக்குப் பின் மழை ஓய்ந்ததும் தொடங்குங்கள். கொத்திய சுவர் முடிந்தவரை நீண்ட நாள் திறந்தே உலரட்டும். புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் நீர் ஊற்றி, அதன் பின் நான்கு வாரமாவது கழித்தே பெயின்ட் பூச வேண்டும். கையில் பணம் குறைவென்றால் முதலாண்டில் வளவு, பீலி, பூச்சு ஆகியவற்றை முடித்து, பெயின்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். மேசனுடன் உடன்படும்போதே கூலியில் ஒரு பகுதியை அடுத்த மாரி கழிந்த பின் கொடுப்பதாக எழுதிக்கொண்டால், கசிவு மறுபடி தோன்றும் இடத்தைத் திருத்த அவரே திரும்பி வருவார்.