குடுமியைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள்

போன கிழமை கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நாலு பெடியங்கள் ஒரு மருத மரத்தைக் காட்டி "குடுமிக் கழுகு, குடுமிக் கழுகு" என்று கமராவைத் தூக்கினார்கள். மரத்தில் இருந்தது பாம்புக் கழுகு, அதிலும் இளம் பறவை. இதே பிழையை இரண்டு வருடம் விட்டவன் நான் என்பதால்தான், கழுகு பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகளை எழுத உட்கார்ந்தேன். சத்தம் போடாதே, பளிச்சென்ற உடுப்புப் போடாதே என்பதை யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுவோம்.

குடுமியை நம்புவது

ஊரில் பனங்கூடலுக்கு மேலே வட்டமிடுவது எதுவானாலும் "பிராந்து" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஆனையிறவு தாண்டி வன்னிக் காட்டுக்குள் போனால் அந்த ஒரு சொல் காணாது. பாம்புக் கழுகும் குடுமிக் கழுகும் அங்கே ஒரே காட்டில் இருக்கின்றன, இரண்டுக்கும் குடுமி உண்டு. இலங்கைக் குடுமிக் கழுகின் குடுமி நீளமாக, ஒல்லியாக நிற்கும். பாம்புக் கழுகுடையது பிடரியில் படிந்து கிடந்து, சிலிர்க்கும்போது மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக விரியும். வளர்ந்த பாம்புக் கழுகு மண்ணிறம், வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள், அதில் குழப்பம் வராது. குஞ்சுப் பருவம் கடந்த இளசுதான் ஆளை ஏமாற்றும். தலை வெளிறி, நெஞ்சு வெள்ளையாகி, அதில் கோடுகளும் இருந்தால் குடுமிக் கழுகு என்றே கை எழுதிவிடும்.

என் கையும் அப்படித்தான் எழுதியது. கொப்பியில் "வெளிறிய உடல், குடுமி" என்று இரண்டே குறிப்பு, பக்கத்தில் குடுமிக் கழுகு. ஒருநாள் காலையில் அப்படி ஒன்று வாய்க்கால் ஓரத்தில் இறங்கி, சாரைப்பாம்பை மிதித்துக்கொண்டு நின்றது. பைனாகுலரில் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு இறகு இல்லை, வெறும் மஞ்சள் கால், முதலைத் தோல் மாதிரி தடித்த செதில். குடுமிக் கழுகுக்கு விரல் தொடங்கும் இடம்வரை இறகு மூடியிருக்கும், காற்சட்டை போட்டதுபோல.

பெயர் மாறியதோடு போயிருந்தால் பரவாயில்லை. "குடுமிக் கழுகு குளத்தோரம் காத்திருந்து பாம்பும் தவளையும் பிடிக்கிறது" என்று பக்கம் பக்கமாக எழுதி, கேட்டவர்களுக்கும் கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கம் பாம்புக் கழுகினுடையது. எந்தக் குறிப்பு எந்தப் பறவைக்கு என்று பிரிக்க வழியில்லை, ஏனென்றால் காலைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. இரண்டு வருடக் கொப்பியும் வீண். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஆகவே முதலில் கால். அடுத்தது முகம்: பாம்புக் கழுகுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இறகில்லாத மஞ்சள் தோல் இருக்கும், இளசிலும் அது தெரியும். மூன்றாவதாகத்தான் குடுமி.

தேன் பருந்தை மறப்பது

தேன் பருந்தும் இவைபோலக் குழப்பும், பறவைக்குப் பறவை நிறம் மாறும். தலை புறாத்தலை போலச் சிறிதாக, கழுத்து நீண்டிருந்தால் இதை நினையுங்கள். குளவிக் கூட்டையும் தேன்வதையையும் பிய்த்துத் தின்பது இதுதான்.

வேளைக்கே திரும்பிவிடுவது

பறவை பார்க்க வருகிறவர்கள் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, எட்டரைக்குத் திரும்ப வான் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். சின்னப் பறவைகளுக்கு அது சரி. கழுகு எழும்ப நிலம் சுட வேண்டும், சூடான காற்று மேலே போக வேண்டும். இவர்கள் பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்தான் அங்கே பாம்புக் கழுகு காட்டுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கூப்பிடும். அண்ணாந்தால் இறக்கையின் பின்விளிம்பையொட்டி அகலமான வெள்ளைப் பட்டை, வாலிலும் ஒன்று. வளர்ந்த பறவையை அதைவிட இலகுவாக அடையாளம் காண முடியாது. பதினொரு மணிவரையாவது நில்லுங்கள்.

கூட்டுக்குக் கிட்டப் போவது

பாம்புக் கழுகு இடுவது பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. போகாதீர்கள்.

போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுவது

வேண்டாம்.

கண்ணிவெடிப் பலகையைத் தாண்டுவது

சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் எந்தப் பறவை இருந்தாலும், பாதையில் நின்றே பாருங்கள்.