தெக்கார்த், லாக், ஹியூம்: ஒற்றை வரியில் வழுக்கி விழும் இடங்கள்

ஒரு கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினராக வந்தவர், “‘நான் சிந்திக்கிறேன், எனவே இருக்கிறேன்’ என்றார் தெக்கார்த். ஆகவே மாணவர்களே, சிந்திக்காதவன் இருந்தும் இல்லாதவனே!” என்று முழங்கினார். அரங்கம் அதிரக் கைதட்டல். நானும் தட்டினேன், பக்கத்து நாற்காலியில் கல்லூரி முதல்வர் உட்கார்ந்திருந்தார்.

17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவவாதியான தெக்கார்த் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. சந்தேகிக்க முடிந்ததையெல்லாம் சந்தேகித்துத் தள்ளிவிட்டால் கடைசியில் மிஞ்சுவது என்ன என்று தேடிக்கொண்டிருந்தார். கண் ஏமாற்றுகிறது. கனவையும் நனவையும் பிரிக்க உறுதியான அடையாளம் இல்லை. வல்லமை மிக்க வஞ்சகன் ஒருவன் எல்லாவற்றிலும் என்னை ஏமாற்றிக்கொண்டே இருக்கலாம். இருக்கட்டும், ஏமாறுவதற்காவது நான் இருந்தாக வேண்டுமே! 1637-இல் பிரெஞ்சில் வந்த நூலில் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் இருக்கிறது. ஆனால் வாதத்தை விரிவாக நடத்திக் காட்டிய 1641-ஆம் ஆண்டின் லத்தீன் ‘தியானங்கள்’ நூலில் அதே வடிவில் அது கிடையாது. ‘நான் இருக்கிறேன்’ என்பதை நான் சொல்லும்போதெல்லாம், மனத்தில் நினைக்கும்போதெல்லாம் அது உண்மையாக இருந்தே தீரும் என்றுதான் அங்கே எழுதுகிறார்.

விருந்தினர் செய்தது தர்க்கத்தில் பழைய பிழை. மழை பெய்தால் தெரு நனையும் என்பதிலிருந்து, மழை பெய்யாவிட்டால் தெரு நனையாது என்று முடிவு கட்ட முடியாது. தண்ணீர் லாரி ஒழுகினாலும் தெரு நனையும். சிந்தனை அடியோடு நின்றுபோனால் நானும் இல்லாமல் போகலாமோ என்று தெக்கார்த்தே ஓரிடத்தில் கேட்டுக்கொள்கிறார், உண்மைதான். ஆனால் அங்கே அவர் சொல்லும் ‘சிந்தனை’ விருந்தினர் நினைத்த சிந்தனை அல்ல.

தமிழில் படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ‘சிந்திக்கிறேன்’ என்றவுடன் நமக்குக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் அறிஞர் நினைவுக்கு வருகிறார். தெக்கார்த்தின் பட்டியலோ நீளமானது: சந்தேகிப்பது, புரிந்துகொள்வது, உண்டென்பது, இல்லையென்பது, விரும்புவது, மறுப்பது, கற்பனை செய்வது, புலன்களால் உணர்வது. பல்வலியும் இதில் சேரும். அப்படியானால் வேறு எந்தச் செயலை வைத்தும் ‘எனவே இருக்கிறேன்’ என்று சொல்லலாமே என்று அவர் காலத்துத் தத்துவவாதி கசெண்டி மடக்கினார். ‘நடக்கிறேன், எனவே இருக்கிறேன்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். கனவிலும் நடக்கிறோம், கால்கள் கட்டிலில் கிடக்கின்றன. ஆகவே நடை சான்றாகாது, நடப்பதாகத் தோன்றுவதுதான் சான்று என்பது தெக்கார்த்தின் பதில். ‘எனக்குத் தோன்றுகிறது’ என்ற நம் அன்றாடப் பேச்சுதான் அவருடைய கருத்துக்கு அருகில் நிற்கிறது. சிந்தனை என்ற சொல் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தது.

அடுத்து ‘மனம்’. மனமும் உடலும் வெவ்வேறு பொருள்கள் என்பது அவருடைய கொள்கை. சைவ சித்தாந்தம் படித்த ஒருவரிடம் இதைச் சொன்னால் தலையாட்ட மாட்டார். அவருக்கு மனம் என்பது புத்தி, அகங்காரம், சித்தம் ஆகியவற்றோடு சேர்ந்த ஓர் அந்தக்கரணம். ஆன்மா கையாளும் கருவி. மாயையில் பிறந்த சடப்பொருள். தெக்கார்த் போடும் கோட்டில் மனம் ஒருபுறம், சடம் மறுபுறம். சித்தாந்தத்தின் கோட்டில் மனமே சடத்தின் பக்கம் நிற்கிறது. சரி, ‘ஆன்மா’ என்று எழுதிவிடலாமே என்றால் வினையும் மறுபிறப்பும் கூடவே வந்துவிடுகின்றன. நான் ‘மனம்’ என்றே எழுதுகிறேன், மனமில்லாமல்தான்.

இதையொட்டி இன்னொரு பழக்கம்: “இதையெல்லாம் நம்மவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.” சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் ‘உளது இலது என்றலின்’ என்று தொடங்குவது மெய்யாகவே வியப்பூட்டுகிறது. ‘இல்லை, இல்லை’ என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறதே ஓர் அறிவு, அது இருக்கிறது என்பது வாதம். நூலின் ஆசிரியர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆனால் அவர் தேடுவது உடலும் புலனும் அல்லாத ஆன்மாவுக்குச் சான்று. தெக்கார்த் தேடுவது அறிவு முழுவதையும் எழுப்பி நிறுத்த அசையாத ஓர் அடிக்கல். முன்னால் சொன்னவர் யார் என்ற போட்டி என்றால், ஏமாந்தாலும் நான் இருக்கிறேன் என்று கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் மெய்கண்டாருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதிவிட்டார். இந்தப் பந்தயத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் இரண்டு வாதங்களையும் படிக்காமலே விட்டுவிடுகிறோம்.

மனமும் உடலும் சந்திக்கும் இடம் மூளையின் பினியல் சுரப்பி என்றார் தெக்கார்த். அவரைக் கேலி செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சுரப்பி தவறுதான், ஆனால் அடி விழவேண்டிய இடம் அதுவல்ல. பருப்பொருள் அல்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று 1643-இல் போஹேமிய இளவரசி எலிசபெத் அவருக்கே கடிதம் எழுதிக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 24. சுரப்பி ‘எங்கே’ என்பதற்குத்தான் பதில். இளவரசி கேட்டது ‘எப்படி’.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் கதை வேறு. ‘பிறக்கும்போது மனம் வெற்றுத்தாள்’ என்பதை வைத்துக்கொண்டு, எந்தக் குழந்தையையும் எப்படி வேண்டுமானாலும் வார்த்துவிடலாம் என்று பேசுகிறார்கள். 1690 என்று ஆண்டிட்டு வெளியான தம் பெரிய நூலில் அவர் மறுத்தது பிறவியிலேயே வரும் கருத்துகளை. பிறவியிலேயே வரும் ஆற்றல்களை அல்ல. தாள் தானாக எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, குழந்தை பார்க்கிறது. நினைவில் வைக்கிறது, பிரிக்கிறது, சேர்க்கிறது. புலன்களைத் தவிர, மனம் தன் செயல்களைத் தானே கவனிப்பதையும் அறிவின் இரண்டாவது ஊற்றாக லாக் வைத்தார். வெற்றுத்தாளை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இரண்டாவது ஊற்றைத் தூர்த்துவிடுகிறார்கள்.

அவருடைய நூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு புதிர் சேர்ந்தது. டப்ளின் நகரத்து வில்லியம் மாலினூ எழுதி அனுப்பியது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பார்த்து அடையாளம் சொல்லக் கற்றவர். திடீரென்று பார்வை கிடைக்கிறது. மேசைமேல் இரண்டும் இருக்கின்றன. தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து எது உருண்டை என்று சொல்வாரா? மாட்டார் என்றார் மாலினூ, லாக்கும் ஒத்துக்கொண்டார்.

இதற்கு ஒரு விடை இந்தியாவிலிருந்து வந்தது. பிறவியிலிருந்தே பார்வையிழந்து, அறுவைச் சிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையிலான 5 பேரை மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழு சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. விளையாட்டுக் கட்டைகள் போன்ற உருவங்கள். கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே மறுபடி அடையாளம் காண முடிந்தது. கையால் தொட்டதைக் கண்ணால் அடையாளம் காணச் சொன்னபோது, ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் சொன்னார்கள். உடனே ‘லாக் வென்றார்’ என்று எழுதிவிட்டவர்கள் அதே ஆய்வின் அடுத்த செய்தியைக் கவனிக்கவில்லை: சில நாள்களிலேயே அந்தத் திறன் வெகுவாகக் கூடிவிட்டது. அவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமிடம் வந்தால், ‘அறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்’ என்ற வரி. கோபம் வந்தால் கத்து, ஆசை வந்தால் வாங்கு என்பதற்கான அனுமதிச் சீட்டாக இதைப் பயன்படுத்துகிறார்கள். பஸ் கால அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குக் காலை 6 மணிக்கு வண்டி உண்டு என்று அது சொல்லும். மதுரைக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லாது. அறிவுக்கு ஹியூம் கொடுத்த வேலை அட்டவணையின் வேலை. போகத் தூண்டுவது வேறொன்று. அந்த வேறொன்று கொந்தளிக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகள்மீதுள்ள பரிவைப் போன்ற அமைதியான உணர்ச்சிகளை அவர் தனியாகவே குறிப்பிடுகிறார். சத்தம் போடாததால் அவற்றை அறிவென்று நினைத்துக்கொள்கிறோம் என்கிறார்.

‘காரணகாரியத்தை ஹியூம் மறுத்தார்’ என்பதை ஒரே வரியில் முடித்துவிடலாம். காரணமில்லாமல் ஒன்று தோன்றக்கூடும் என்ற அபத்தத்தைத் தாம் ஒருபோதும் சொன்னதில்லை என்று 1754-இல் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் கேட்டது காரணமில்லாமல் எதுவும் தோன்றாது என்ற உறுதி நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பதை.

ஹியூம் தம் முதல் நூலின் பெரும்பகுதியை எழுதியது பிரான்சின் லா ஃப்ளெஷ் என்ற சிற்றூரில், தெக்கார்த் படித்த பள்ளி இருந்த அதே ஊரில். நூலின் முதல் பாகம் முடியுமிடத்தில், தம் சந்தேகங்களே தம்மை இருட்டில் தள்ளிவிட்டதாகப் புலம்புகிறார். பிறகு சாப்பிடுகிறார், நண்பர்களோடு பகடை உருட்டி பேக்கேமன் ஆடுகிறார், சிரித்துப் பேசுகிறார். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்த ஆராய்ச்சியெல்லாம் கேலிக்கூத்தாகத் தெரிகிறது. தத்துவம் வீண் என்று ஹியூமே ஒப்புக்கொண்டார் பாருங்கள் என்று மேற்கோள் காட்டுபவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். சில பக்கங்கள் தள்ளி, கூட்டமும் கேளிக்கையும் அலுத்துப்போய், அறையில் தனியாக இருக்கும்போதோ ஆற்றங்கரையில் தனியே நடக்கும்போதோ அதே கேள்விகள் தாமாகவே மறுபடி வந்து சேர்வதை எழுதியிருக்கிறார்.