பேக்கப் இருக்கிறது, திரும்ப வருமா?

2017 ஜனவரி 31 இரவு, புரோகிராமர்களின் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பே எடுக்காத நிறுவனம் இல்லை அது. தினமும் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, அமேசானின் கிளவுட் சேமிப்பிடமான எஸ்3-இல் போடும் ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தால் எஸ்3 காலி! டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸின் பதிப்பு 9.6, டம்ப் எடுத்த கருவியின் பதிப்போ 9.2. அதனால் ஒவ்வொரு முறையும் வேலை தோல்வியில் முடிந்திருக்கிறது. அதைச் சொல்லும் மெயில்களையும், அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால், மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. பேக்கப் தோற்றால் மட்டும் எச்சரிக்கை வரட்டும் என்று விட்டுவிடுவது எவ்வளவு ஆபத்து என்பது இதில் தெரிகிறது. கடைசியாக வெற்றி பெற்ற பேக்கப்பின் தேதியையும் அளவையும் தினமும் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

ரெப்ளிகேஷன் ஓடுகிறது, பேக்கப் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. இந்த நினைப்புதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வால்யூமை (சர்வர் ஒரு டிஸ்க்காகப் பார்க்கும் சேமிப்புப் பகுதியை) இன்னொரு ஸ்டோரேஜுக்கு உடனுக்குடன் பிரதி எடுக்கும் ரெப்ளிகேஷன், டிஸ்க்கோ கட்டடமோ போனால் கைகொடுக்கும். ஆனால் யாராவது ஒரு டேபிளை அழித்தாலோ, பணம் பறிக்கும் ரான்சம்வேர் ஃபைல்களைப் பூட்டினாலோ, அதையும் அதே வேகத்தில் மறுபக்கம் கொண்டு சேர்க்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தாங்கும்படி வைக்கும் ரெய்டும் அப்படித்தான். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் நேற்றைய நகல் தனியாக இருக்க வேண்டும்.

அதற்குத்தானே, வால்யூமின் ஒரு கண நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் என்பீர்கள். சரிதான், ஆனால் அது எங்கே இருக்கிறது? பல ஸ்டோரேஜ்களில் ஸ்னாப்ஷாட் முழு நகல் அல்ல. மாறாத பிளாக்குகளுக்கு (டிஸ்க்கின் சிறு துண்டுகளுக்கு) அது மூல வால்யூமையே நம்பியிருக்கிறது. மூலம் போனால் அதுவும் போகும். கிளவுடில் முழுதாக வேறிடத்தில் இருந்தாலும், உள்ளே நுழையும் கணக்கு (அக்கவுண்ட்) ஒன்றுதான் என்றால் சிக்கல் தீரவில்லை. 2014-இல், கோடைச் சேமித்துவைக்கும் சேவை நடத்திய கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுக்குள் நுழைந்தவர், வால்யூம்களையும் ஸ்னாப்ஷாட்களையும் சேர்த்தே அழித்தார். நிறுவனம் மூடப்பட்டது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜோனில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் போனது. வெளியே நகல் இல்லை. ஒரு நகலாவது வேறு ஊரில், வேறு கணக்கில், குறிப்பிட்ட நாள்வரை நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி இருக்கட்டும்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு. டேட்டாபேஸின் டேட்டா ஒரு வால்யூமில், மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் லாக் இன்னொன்றில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக, சில நொடி இடைவெளியில் ஸ்னாப்ஷாட் எடுத்தால், ஒன்றில் பதிவான பரிவர்த்தனை மற்றதில் இருக்காது. ரீஸ்டோர் செய்த பிறகு டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுக்கும். எழுந்தாலும் கணக்கு உதைக்கலாம். எல்லா வால்யூம்களையும் ஒரே குழுவாக்கி ஒரே கணத்தில் எடுக்கும் வசதி இன்று பெரும்பாலான ஸ்டோரேஜ்களில் உண்டு. விண்டோஸில் விஎஸ்எஸ், லினக்ஸில் எஃப்எஸ்ஃப்ரீஸ் என்ற கருவிகளைக் கொண்டு எழுதுவதைக் கணநேரம் நிறுத்திவிட்டு எடுப்பது இன்னும் நல்லது.

மீட்க ஆகும் நேரத்தையும் குறைத்துப் போடுகிறோம். அன்று கிட்லேப்பைக் காப்பாற்றியது, விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட். அதைத் திரும்பக் கொண்டுவர, மெதுவான டிஸ்க்குகளால், ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. அமேசானில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து வால்யூம் நொடிகளில் தயாராகிவிடும். ஆனால் ஒவ்வொரு பிளாக்கும் முதன்முறை படிக்கும்போதுதான் எஸ்3-இலிருந்து இறங்கும் என்பதால், டேட்டாபேஸ் ஆரம்பத்தில் நத்தை வேகத்தில் நகரும். நிர்வாகத்திடம் ஒரு மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்று எழுதிக் கொடுக்கும் முன், முழு அளவுத் தரவை ஒருமுறை ரீஸ்டோர் செய்து கடிகாரத்தைப் பாருங்கள்.

அந்த ஒத்திகையை பேக்கப்பை அமைத்தவர் செய்ய வேண்டாம். வேறொருவர், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து, காலி சர்வரில் தொடங்கட்டும். பேக்கப்பைப் பூட்டிய என்க்ரிப்ஷன் சாவி, அழிந்துபோன அந்த சர்வருக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்குமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.