பாஸ்வேர்டு தெரியாத பிஎல்சி: கை வைக்கும் முன் பேக்கப்பைத் தேடுங்கள்

மெஷின் நின்று கிடக்கிறது, அதை இயக்கும் சிறு கம்ப்யூட்டரான பிஎல்சியில் லேப்டாப்பை மாட்டி ஆன்லைன் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது, போட்டவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். சீமென்ஸ் எஸ்7-1200 ஆனாலும் சரி, பழைய எஸ்7-200 ஆனாலும் சரி, பாஸ்வேர்டு தொலைந்தால் மேனுவல் சொல்லும் வழி ஒன்றுதான்: உள்ளே இருப்பதை மொத்தமாக அழிப்பது. பூட்டோடு சேர்ந்து புரோகிராமும் போய்விடும். அதனால் பாஸ்வேர்டுக்கு அலைவதை விட்டுவிட்டு பேக்கப்புக்கு அலையுங்கள்.

மெஷின் சப்ளையருக்கு சீரியல் நம்பரோடு மெயில் போடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஸ்டோரில் கிடக்கும் பழைய லேப்டாப்பையும் பாருங்கள். எனக்கு ஒரு முறை, பேனல் கதவின் உள்பக்கம் டிராயிங் வைக்கும் பையில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சிடி கிடைத்தது. ஆனால் அது கமிஷனிங்குக்கு (மெஷினை முதன்முதலில் ஓட்டிச் சரிசெய்வதற்கு) முந்தைய வெர்ஷன், டைமர் மதிப்பெல்லாம் வேறு.

பாஸ்வேர்டை உடைத்துத் தரும் கிராக் சாஃப்ட்வேர் பக்கம் போகவே போகாதீர்கள். 2022 ஜூலையில் டிராகோஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்தது. டைரக்ட்லாஜிக் 06 பிஎல்சியின் பாஸ்வேர்டை அது உண்மையிலேயே எடுத்துக் கொடுத்தது, கூடவே கம்ப்யூட்டரில் சாலிட்டி என்ற மால்வேரையும் இறக்கிவிட்டது. வேலை நடந்துவிட்டதே என்று நாம் சந்தேகப்படவும் மாட்டோம்.

அழிக்கும் முன் ஹெச்எம்ஐ (ஆபரேட்டர் பார்க்கும் டிஸ்ப்ளே) திரை ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள்: செட் பாயின்ட், ரெசிபி, பிஐடி கன்ட்ரோல் மதிப்புகள், எல்லாம். வயரிங்கையும் இன்புட், அவுட்புட் நம்பர் தெரிகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், பேக்கப் கிடைக்காமல் புதிதாக எழுத வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். அப்புறம் மோட்டார், ஹீட்டர், வால்வு சப்ளையை ஐசொலேட் செய்து லாக் போடுங்கள், ஏனென்றால் மெமரி அழியும்போது அவுட்புட் நிலை மாறும்.

எஸ்7-1200ஐ அழிக்க சீமென்ஸின் சிமாடிக் மெமரி கார்டுதான் வேண்டும், கடையில் வாங்கும் சாதா எஸ்டி கார்டு எடுக்காது. அதை விண்டோஸில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், கார்டு வீணாகிவிடும். பழைய புரோகிராம் ஃபோல்டர்கள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்குங்கள், மறைந்திருக்கும் ஃபைல்களைத் தொடாதீர்கள். சீமென்ஸின் புரோகிராமிங் சாஃப்ட்வேரான டிஐஏ போர்ட்டலில் கார்டின் பிராப்பர்ட்டீஸில் கார்டு டைப்பை டிரான்ஸ்ஃபர் என்று வைத்து, உள்ளே எதுவும் போடாமல் காலியாக எடுங்கள். சிபியுவில் (பிஎல்சியின் முக்கிய யூனிட்) ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தால் புரோகிராம் அதில்தான் இருக்கலாம், அதைக் கழற்றி, பெயர் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

காலி கார்டைச் செருகியதும் சிபியு ஸ்டாப்புக்குப் போய் மெயின்ட் விளக்கு மின்னும். பவரை அணைத்துப் போடுங்கள். ரன்/ஸ்டாப் விளக்கு பச்சையும் மஞ்சளுமாக மாறி மாறி மின்னும்போது கார்டைப் பிடுங்காதீர்கள். மஞ்சள் நிலையாக நின்று, மெயின்ட் மட்டும் மின்னினால் வேலை முடிந்தது. கார்டை எடுத்துவிட்டு மறுபடி பவர் போடுங்கள் (எடுக்க மறந்தால் ரன்னுக்கே போகாது, நானும் மறந்திருக்கிறேன்), பிறகு பேக்கப்பை டவுன்லோடு செய்யலாம்.

எஸ்7-200 இன்னும் சுலபம். அதன் புரோகிராமிங் சாஃப்ட்வேரான மைக்ரோ/வின்னில் பிஎல்சி மெனுவில் கிளியர் கொடுத்து, பாஸ்வேர்டு கேட்கும்போது கிளியர்பிஎல்சி என்ற சொல்லை இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்தால் போதும். மெமரி கார்ட்ரிட்ஜ் மாட்டியிருந்தால் அதில் பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கும், அதையும் புதிதாக எழுத வேண்டும்.

ஐசொலேஷனை எடுக்கும் முன் எமர்ஜென்சி ஸ்டாப், லிமிட் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்தி, இன்புட் விளக்கு சரியாக மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு போட்டோவைப் பார்த்து மதிப்புகளை ஏற்றுங்கள். அந்தச் சிடி மெஷினில் ஒரே ஒரு டைமர் திரை மட்டும் போட்டோவில் ஃபிளாஷ் அடித்து வெளுத்துப்போயிருந்தது, அந்த ஒரு மதிப்பைப் பிடிக்கவே அரை ஷிஃப்ட் போனது.